முதலில் கழிப்பறை, பிறகு வீடு

மகளைச் சேர்க்க வந்திருப்பதாகச் சொல்லித் தலைமையாசிரியை முன்னால் உட்காருகிற மனிதர், பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. “பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமை ஒரு தடவ பாத்துக்கலாங்களா டீச்சர்? பசங்க க்ளாஸ்ல இருக்கறப்பவே பாத்துட்டு வந்துர்றேன்” என்கிறார். ஏற இறங்கப் பார்ப்பார்கள். “குழாய் வேலைதாங்க எனக்கு” என்று சட்டைப் பையிலிருந்து ரப்பர் வாஷர் ஒன்றை எடுத்துக் காட்டுவார், அதுதான் அடையாள அட்டை என்பதுபோல.

பை நிறைய வாஷர் இருப்பதால் ஆளுக்கே ‘வாஷர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. மாமியார்கூட ‘வாஷர் மாப்பிள்ளை’ என்றுதான் சொல்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் குசலம் விசாரிப்பார். பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான் செய்தாராம். மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பள்ளிக்கூட விஷயம் மட்டும் விளையாட்டில்லை. எட்டு வயது மகள் பழைய ஊரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போக வேண்டிவருமே. அந்தப் பள்ளியின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை சிறுநீரில் கிருமி சேர்ந்து, காய்ச்சலில் கிழிந்த நாராகக் கிடந்தாள். மூன்றாவது முறை வந்தால் சிறுநீரகத்தைத் தொட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். ஊர்க் குழாயையெல்லாம் சரி செய்கிறவருக்குத் தன் பிள்ளையைத் தண்ணீர் குடிக்க வைக்க முடியவில்லை. அந்த வெட்கம் அவரைத் தின்றது.

புது ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. தனியார் பள்ளிக்கூடம் கைக்கு எட்டாது. அரசுப் பள்ளியிலோ அந்தந்தப் பகுதியில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் இடம். அதனால் பள்ளியை முடிவு செய்துவிட்டு அதன் பக்கத்திலேயே வீடு தேடுவது என்று கிளம்பினார். எல்லாரும் தேர்ச்சி விகிதம் பார்க்கச் சொன்னார்கள். மனைவிதான், “நீங்க பள்ளிக்கூடம் பாக்கப் போறீங்களா, கக்கூஸ் பாக்கப் போறீங்களா?” என்றாள். சொன்னவள் உடனே, “நல்லா பாருங்க” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

முதல் பள்ளியில் தண்ணீரே வரவில்லை. இரண்டாவது பள்ளியைப் பார்த்ததும் மனிதர் சொக்கிப் போனார். வழுவழுவென்று ஓடு, பளபளவென்று குழாய், கதவுக்குக் கதவு தாழ்ப்பாள். அங்கிருந்தே போன் செய்து “முடிஞ்சுது” என்று மனைவியிடம் சொல்லியும் விட்டார். வெளியே வரும்போதுதான் கெட்ட வாடை மூக்கில் ஏறியது. இத்தனை சுத்தத்தில் நாற்றம் ஏது? குனிந்து பார்த்தார். தரையிலிருந்த வடிகாலின் வளைவில், சாக்கடை வாடையை மேலே விடாமல் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிக் கிடந்தது. மாதக் கணக்கில் யாரும் அங்கே ஒரு வாளி ஊற்றவில்லை. கேட்டதற்கு, யாராவது பார்க்க வந்தால் திறப்போம், இல்லாவிட்டால் பிள்ளைகள் பாழாக்கிவிடுவார்கள் என்றார்கள். பித்தளையைப் பொன்னென்று நம்பி ஏமாந்தவர் தலையில் அடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாவது பள்ளி பழங்கட்டடம். ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. தரை ஈரம். தலைமையாசிரியை தலையாட்டி அனுப்பியிருந்தும், வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மா அவரை உள்ளே விடவில்லை.

“யாரு உத்தரவு குடுத்தா எனக்கென்ன? உள்ள ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. அங்கயே நில்லுங்க.”

நின்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. கூட்டமாக ஓடி வந்த சிறுமிகளை ஆயாம்மா வரிசையில் விட்டார். தாழ்ப்பாள்கள் விழுகிற சத்தமும், தண்ணீர் கொட்டுகிற சத்தமும், உள்ளேயிருந்து சிரிப்பும் கேட்டன. வெளியே வந்த ஒருத்தி பானையிலிருந்து மொண்டு மடக்மடக்கென்று குடித்துவிட்டு ஓடினாள். வாஷருக்குக் கண் கலங்கிவிட்டது. கழிப்பறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போய், பக்கத்திலேயே வீடு பிடித்துவிடுவதாகச் சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். திட்டு வாங்கிவிட்டு இத்தனை சந்தோஷமாக வீடு திரும்பிய மனிதரை அவர் மனைவி அன்றுதான் பார்த்தாள்.

கிடைத்த வீடு மூன்றாம் மாடி. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். யாரும் குறை சொல்லவில்லை. நான்கு மாதமாகப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை.

பெற்றோர் கூட்டத்தன்று ஆயாம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று வேலை உடுப்போடே சீக்கிரம் போனார் வாஷர். ஆயாம்மா நடைக்கூடத்தை அப்போதுதான் துடைத்து முடித்து, அந்தக் கோடியில் நின்றிருந்தார். ஈரத் தரையைப் பார்த்ததும் வாஷர் இந்தக் கோடியிலேயே நின்றுவிட்டார்.

“பரவால்ல, மிதிச்சுட்டு வாங்க. மறுபடியும் தொடச்சுக்கறேன்” என்றார் ஆயாம்மா.

வாஷர் குனிந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரத் தரையின் ஓரமாக, வெறுங்காலின் நுனி விரல்களில் நடந்து போனார்.