மச்சான் தொட்டியின் அழுக்கு

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவன் மீன் தொட்டி வாங்கி வைக்கும் வரை நன்றாகத்தான் பழகினோம். அம்பத்தூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். கல்யாணம் ஆகாதவன், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு அவன் வீட்டுக்கு ஓடுவாள். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து, அவளுக்குப் பிடிக்குமே என்று முட்டை போண்டா வாங்கி வந்தால் வீடு வெறிச்சென்று இருக்கும். ஆறிப்போன போண்டாவை நானே தின்பேன்.

ராத்திரி சாப்பிடும்போதும் மாமா புராணம்தான். மாமா தீனி போட விட்டார், மாமா மீனுக்குப் பேர் வைக்கச் சொன்னார். தாய்மாமன் என்றால் மடியில் வைத்துக் காது குத்தலாம், சீர் செய்யலாம், அதெல்லாம் முறை. தினமும் சாயங்காலம் என் பிள்ளையை அபகரித்துக்கொள்வது எந்த முறையில் சேர்த்தி என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஒனக்கு வயித்தெரிச்சல்யா. போய் மோர் குடி," என்றாள்.

வயிற்றெரிச்சல்தான். மோருக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

வானகரத்தில் ஃப்ளாட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிற ஒரு குடும்பம் மீன் தொட்டியை விற்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். மச்சானுடையதைவிட ஒரு சாண் நீளம். எனக்கு அது ஒன்றே போதும். ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்தபடி, பள்ளத்துக்குப் பள்ளம் டிரைவரைத் திட்டிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தேன்.

கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகர் போட்டுத் தேய்த்தேன். மொட்டை மாடியில் நிரப்பி வைத்துப் பார்த்ததில் ஒரு மூலை கசிந்தது. பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் தடவிக் காயவிட்டேன். குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டுகளில் பிடித்து, பிளீச்சிங் வாடை போகத் திறந்து வைத்தேன். தொட்டியோடு ஒரு ஃபில்டரும் வந்திருந்தது. அதற்குள் இருந்த ஸ்பாஞ்ச் கறுத்து, வழவழவென்று, பார்க்கவே குமட்டியது. கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு, ஸ்பாஞ்ச் வெளுக்கும் வரை அலசிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.

தொட்டியைப் பார்க்க வந்த மச்சான் கொடியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா மாமா, அத்தப் போய் கழுவிக்கீறே. அது அழுக்கு இல்ல. தண்ணிய சுத்தம் பண்ற கிருமிங்க அதுலதான் கீது. சரி வுடு, என் தொட்டி ஸ்பாஞ்சுல பாதி வெட்டித் தரேன். அத்தப் போட்டின்னா மீனு பொழைக்கும்."

"ஒன் தொட்டி அழுக்கு எனக்கு எதுக்குடா," என்றேன்.

கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தைக்கு மகளையும் கூட்டிப்போய் கோல்டு ஃபிஷ் வாங்கி வந்து தொட்டியில் விட்டோம். அன்று சாயங்காலம் அவள் மாமா வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி கலங்கிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்து மிதந்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். தெளியவில்லை. மகள் அழுதுகொண்டே, "மாமாவக் கூப்புடுப்பா. மாமாவுக்குத் தெரியும்," என்றாள். உனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். கேட்கவில்லை. ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி, தொட்டித் தண்ணீரோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தான். "காயறதுக்குள்ள எத்துகினு போய் போட்டுடு மாமா," என்றான். அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் எரிந்தது.

அவன் அழுக்கு என் தொட்டியில் வேலை செய்தது. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. மிச்ச மீன்கள் கீழே இறங்கிக் கூழாங்கல்லைக் கொறிக்க ஆரம்பித்தன. அதன் பிறகு மகள் அடுத்த தெருப் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானே வந்தான். "பாப்பா நம்மூட்டாண்ட வர்றதே இல்ல," என்று சும்மா கேட்பது போலக் கேட்டான். எனக்கா தெரியாது அந்தக் குரலை. தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உட்கார்ந்திருந்த அவளிடம், "வா பாப்பா, மாமா புதுசா மீனு வாங்கிக்கீறேன்," என்றான்.

"இங்கயே கீதே மாமா," என்றாள் அவள், திரும்பாமல்.

அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். அந்தச் சந்தோஷத்தில், அவன் பார்க்க வேண்டும் என்றே அவளைக் கூப்பிட்டேன். "பாப்பா, அப்பாகிட்ட வந்து ஒக்காரு வா."

"இருப்பா," என்றாள். அதே குரல்தான். அப்போதும் திரும்பவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் நகர்ந்து கட்டிலில் அவனுக்கு இடம் விட்டேன். இரண்டு பேரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.