கேப்டனுக்கு மட்டும் திறந்த கதவு

கமாண்டர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. தானியங்கிக் கதவு பொருத்தும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக். எங்கெல்லாம் கண்ணாடிக் கதவு ஆளைக் கண்டதும் விலகிக்கொள்கிறதோ, அங்கெல்லாம் ஏணி போட்டு ஏறி, தலைக்கு மேலே இருக்கும் சென்சாரின் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் அதற்கு நாலு புத்திமதி சொல்லிவிட்டு இறங்குவதுதான் அவர் பிழைப்பு.

பட்டப்பெயர் வந்த வழி வேறு. பதினான்கு வயதில் ‘பால்வெளிப் படகு’ என்ற விண்வெளித் தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது குறைத்துச் சொல்வது. அதற்குள் குடிபோனார். மொத்தம் எழுபத்தொரு பாகங்கள். எந்தப் பாகத்தில் எந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் மனைவி எந்த மாத்திரையை எந்த வேளை சாப்பிடுகிறார் என்று விழித்திருக்கும்போது கேட்டாலும் சொல்ல மாட்டார்.

படகின் கேப்டன் நான்கு முறை செத்து, நான்கு முறையும் திரும்பி வந்தவர். இது விஞ்ஞானம். மனைவி பார்க்கும் குடும்பத் தொடரில் மாமியார் ஒரே ஒரு முறை செத்துத் திரும்பி வந்தபோது கமாண்டருக்குப் பொறுக்கவில்லை.

“காதுல பூ சுத்தறாங்க. நீயும் உக்காந்து பாக்கற.”

“உங்க ஆளு நாலு தடவை எழுந்து வந்தாரே, அப்ப எங்க போச்சு இந்தப் புத்தி?”

“அது கால வளைவு.”

“இதுவும் வளைவுதாங்க. நடிகைக்குச் சம்பளம் ஏத்திக் குடுத்திருப்பாங்க, வளைஞ்சு வந்துட்டா.”

கமாண்டர் எழுந்து போனார். கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் கையோடு வந்தது. அது மூன்று வருடமாக அப்படித்தான் வருகிறது. திரும்ப ஓட்டையில் செருகிவிட்டு வெளியேறினார்.

மற்ற ரசிகர்கள் கப்பலைப் பார்த்தார்கள், துப்பாக்கியைப் பார்த்தார்கள், பச்சைத் தோல் அழகிகளைப் பார்த்தார்கள். கமாண்டர் பார்த்தது கதவை. படகின் கதவுகளுக்கு ஒரு குணம் இருந்தது. கேப்டன் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டு உதவித் தளபதியை ஐந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்குவார். கதவு அசையாது. திட்டி முடித்து, போகலாம் என்று மனசுக்குள் நினைத்துத் திரும்புவார் பாருங்கள், அந்த நொடியில் ‘ஸ்ஷ்’ என்று திறக்கும். அவர் நடையில் ஒரு துளி வேகம் குறையாது.

தொழிலில் கமாண்டர் கண்ட கதவுகளோ மானங்கெட்டவை. காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பைக்குத் திறக்கும். நாய்க்குத் திறக்கும். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவனுக்குத் திறந்து, அவன் நிமிர்ந்து முறைத்ததும் மூடிக்கொள்ளும். படகின் கதவில் என்ன சென்சார் இருக்கிறது என்பதே அவர் வாழ்க்கையின் ஒரே கேள்வி. உடல் சூடு, காலடி அதிர்வு, மூச்சு என்று நோட்டுப் புத்தகத்தில் பதினான்கு கோட்பாடுகள் எழுதி வைத்திருந்தார். பதினான்காவது கோட்பாடு, மனதைப் படிக்கும் அலை. அதை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார். கொஞ்சம் நிதானம் மிச்சமிருந்தது.

அந்த நிதானமும் மூன்று மாதம் முன்பு புது வகை சென்சார் வந்தபோது போயிற்று. அதில் எல்லாவற்றுக்கும் ஒரு திருகு இருந்தது. மெதுவான அசைவைத் தள்ளிவிடலாம். குறுக்கே போகிறவனை விட்டுவிடலாம். பார்க்கும் பரப்பை ஒரு மேசை அகலத்துக்குச் சுருக்கலாம். நகரத்தின் பெரிய மருத்துவமனை வாசலில் அதைப் பொருத்திய அன்று கமாண்டர் கேப்டனின் நடைவேகத்தைக் கணக்குப் போட்டு, திருகுகளை அதற்கேற்ப வைத்தார். கதவின் முன் ஒரு நிமிடம் நின்றார். கதவு சும்மா இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ‘ஸ்ஷ்.’ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கதவு, ஏதோ காரியமாக விறைப்பாக நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் திறந்தது. மருந்து கம்பெனிக்காரர்களுக்குத் திறந்தது. இளம் டாக்டர்களுக்குத் திறந்தது. சிகரெட் பிடிக்க வெளியே ஓடும் கணவன்மார்களுக்கு ஓடோடித் திறந்தது. ஊன்றுகோல்காரர்களை அது மனிதராகவே மதிக்கவில்லை. ஆரோக்கியமானவர்களை மட்டும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஒரே மருத்துவமனை என்ற பெருமை அதற்குச் சேர்ந்தது. காலில் மாவுக்கட்டோடு வந்த ஒருவர் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிப் பார்த்தார், இடுப்பை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தலைமை நர்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு முறை இல்லை, ஒன்பது முறை.

சனிக்கிழமை காலை மேலாளர் கமாண்டரைக் கூப்பிட்டார். மேலாளருக்குக் கமாண்டரை விடப் பதினைந்து வயது குறைவு. திட்டும்போதும் ‘சார்’ போட வேண்டியிருப்பதே அவருக்குப் பெரிய சுமை.

“கமாண்டர் சார், அந்தக் கதவுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“செட்டிங் கொஞ்சம் நுட்பமா வச்சிருக்கேன்.”

“நோயாளிங்க உள்ள போக முடியல சார்!”

“கொஞ்சம் நம்பிக்கையோட நடந்தா திறக்கும்.”

மேலாளர் கண்ணை மூடித் திறந்தார். “திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் அங்க வரேன். அந்த நர்ஸ் அம்மா முன்னாடி கதவு திறக்கணும். திறக்கலன்னா நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம். திறந்தாலும், அதுக்கப்புறம் எங்கிருந்தாவது ஒரே ஒரு புகார் வந்தா, அப்பவும் வீட்டுக்குத்தான். எழுத்துல குடுக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றார் கமாண்டர். வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மனைவி தாழ்ப்பாளைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

மறுநாள் ஞாயிறு. ‘பால்வெளிப் படகு’ ரசிகர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டம், ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில். சுவரெங்கும் சாலைக் குறியீடுகள். ‘வளைவு, மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகைக்குக் கீழே நாற்பது பேர் வெள்ளி நிறச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனாக நடித்தவர் வருவதாக மன்றச் செயலாளர் மூன்று மாதமாகச் சொல்லி வந்தார். செயலாளர் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிப் பழகியவர்.

“நண்பர்களே, கேப்டனால வர முடியல. ஆனா அவரோட ரொம்ப நெருக்கமா வேலை செஞ்ச ஒருத்தர் நம்ம ஊர்லயே மக வீட்ல இருக்காரு. அவர் வந்திருக்காரு.”

கட்டம் போட்ட சட்டையில் ஒரு கிழவர் எழுந்து நின்றார்.

“ஐயா, நீங்க எந்த வேஷத்துல வந்தீங்க?” என்றது முன் வரிசை.

“வேஷம் எல்லாம் இல்லப்பா. கதவு இழுத்தேன்.”

முன் வரிசை செயலாளரைத் திரும்பிப் பார்த்தது.

“புரியலைங்க ஐயா.”

“கதவுப்பா. சுவருக்குப் பின்னாடி நின்னு கயிறு புடிச்சு இழுப்பேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மச்சான். ‘ஸ்ஷ்’ சத்தம் அப்புறமா சேப்பாங்க.”

கமாண்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அவர் எப்பப் போவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஓட்டை வழியாப் பாப்பேன். மனுசன் பேசிக்கிட்டே நிப்பாரு. எனக்குக் கை கடுக்கும். போகணும்னு தோணிச்சுன்னா, அவருக்கு இடது தோள் ஒரு நூல் கீழ எறங்கும். அவருக்கே தெரியாது. அப்ப இழுப்பேன். ஒரு நாள் மச்சான் கொட்டாவி விட்டான், கேப்டன் மூக்கு உடைஞ்சுது. அன்னைக்கு ரெண்டு பேரும் பட்டினி.”

செயலாளர் அவசரமாக எழுந்தார். “ஐயா வயசானவர். ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். இதைக் கூட்டக் குறிப்புல எழுத வேண்டாம்.” நாற்பது வெள்ளிச் சட்டைகளும் ஆமோதித்தன. கடைசியில், படகின் கதவுகள் உயர் தொழில்நுட்பத்தால் இயங்கின என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, கிழவருக்கு ஒரு சால்வையும் போர்த்தி அனுப்பினார்கள்.

கமாண்டர் தீர்மானத்துக்குக் கை தூக்கவில்லை. அவர் உடைந்துபோயிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், ரசிகர்களை உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தார். ‘கோட்பாடு பதினைந்து: தோள்’ என்று பேனாவால் எழுதினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மருத்துவமனை வாசலில் இருந்தார். சென்சாரை அணைத்துவிட்டு, கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து, முனையில் அழைப்பு மணி பட்டன் ஒன்றை மாட்டினார். வாசலுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பத்து மணி வரை பட்டனால் சமாளித்து, கதவு படகின் கதவுக்குக் குறைந்ததல்ல என்று நிரூபித்துவிடுவது திட்டம்.

முதல் அரை மணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. டாக்டர்கள், மருந்துக்காரர்கள், எல்லோருக்கும் தோள் இறங்கியது, பட்டன் அழுந்தியது. பிறகு நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் கோட்பாடு பதினைந்து படுத்துக்கொண்டது. ஒருவருக்கும் தோள் இறங்கவில்லை. கையில் ஸ்கேன் உறையோடு ஒரு பெண் வந்தாள், கதவு வரை போனாள், திரும்பி ஆட்டோ வரை வந்தாள், உறையைப் பிரித்தாள், மூடினாள். கமாண்டரின் கட்டைவிரல் பட்டன் மேல் தவித்தது. அடுத்து ஒரு கிழவர். மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

“வாப்பா, அஞ்சு நிமிசம்தான்.”

“எனக்கு ஒண்ணுமில்லடா. நேத்து ஏதோ வாயுப் புடிப்பு.”

“அதை அவங்க சொல்லட்டும்.”

“அவங்க சொன்னா பெருசாச் சொல்லுவாங்க. வீட்டுக்குப் போலாம்.”

தோள் எங்கே இறங்கும்? தோளே வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கமாண்டர் ஒன்றரை மணி நேரம் தோள்களைப் பார்த்தார். அத்தனை கூட்டத்தில் உள்ளே போக ஆசைப்பட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. படகில் கதவுக்காரர் பார்த்தது ஒரே ஒரு மனிதரை. அந்த ஒருவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியும், எழுதிக் கொடுத்திருந்தார்கள். இங்கே வருகிறவர்களுக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பட்டனைக் கழற்றினார். ஏணியில் ஏறினார். திருகுகளை ஒவ்வொன்றாகக் கடைசி வரை திருப்பினார். பரப்பு முழுசு, வேகம் எதுவானாலும் சரி, குறுக்கே வந்தாலும் சரி. கதவு திறந்தது. திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றது. ஒரு பிளாஸ்டிக் பை உள்ளே போயிற்று. அதன் பின்னால் ஸ்கேன் உறைப் பெண், ஏற்கெனவே திறந்திருந்ததால் வேறு வழியில்லாமல், உள்ளே போனாள்.

பத்து மணிக்கு மேலாளர் வந்தார். தலைமை நர்ஸ் ஒரு சக்கர நாற்காலியை ஆமை வேகத்தில் தள்ளிப் பார்த்தார். திறந்தது. நின்ற இடத்தில் தும்மிப் பார்த்தார். திறந்தது.

“மூணு மாசமா இதைத்தான சார் கேட்டேன்? இதுக்கு எதுக்கு இத்தனை நாளு?”

“ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன் சிஸ்டர்.”

“நோயாளிங்களை வெயில்ல நிறுத்தி வச்சா?”

கமாண்டர் ஏணியை மடக்க ஆரம்பித்தார்.

மேலாளர் அவரைத் தனியே அழைத்துப் போனார். “பிழைச்சீங்க. இப்ப உண்மையச் சொல்லுங்க, இந்த நுட்பத்தை வேற எங்கெல்லாம் பண்ணியிருக்கீங்க?”

“இன்னும் நாலு இடம்.”

“கடவுளே! சாயந்தரத்துக்குள்ள நாலையும் மாத்துங்க. ஒரு புகார் வரக்கூடாது. ஞாபகம் இருக்குல்ல?”

இரண்டு துணிக்கடை, ஒரு வங்கி. மதியத்துக்குள் முடிந்தது. நான்காவது, பொதுமக்கள் மனு கொடுக்கும் அலுவலகம். வாசலில் முப்பது நாற்பது பேர் கையில் காகிதத்தோடு நின்றிருந்தார்கள். தயங்கித் தயங்கி நடக்கிறவர்கள். கதவு அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களும் கதவைக் குறை சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று நம்பி மூன்று மாதமாக வெளியே நிற்கிறார்கள். கமாண்டர் ஏணியை விரித்ததும் உள்ளிருந்து பிரிவுத் தலைவர் விறைப்பாக நடந்து வந்தார். கதவு ‘ஸ்ஷ்’ என்று அவருக்கு வழிவிட்டது.

“என்ன சார் பண்றீங்க?”

“கதவைச் சரி பண்றேன்.”

“சரியாத்தான இருக்கு? இந்த மாதிரி கதவு நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. மூணு மாசமா ஒரு சச்சரவு கிடையாது. ஸ்டாஃப் எல்லாம் எவ்வளவு நிம்மதியா இருக்காங்க தெரியுமா? பாராட்டுக் கடிதமே எழுதலாம்னு இருந்தேன்.”

இருபத்தாறு வருடத்தில் கமாண்டருக்கு வந்திருக்க வேண்டிய முதல் பாராட்டுக் கடிதம் அது. ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு வெளியே பார்த்தார். முப்பது நாற்பது தோள்கள்.

“இதுல கை வச்சீங்க, உங்க மேல புகார் எழுதுவேன். இன்னைக்கே.”

கமாண்டர் மூடியைக் கழற்றி, முதல் திருகைக் கடைசி வரை திருப்பினார். கதவு ஒரு முறை நடுங்கிவிட்டு அகலமாகத் திறந்துகொண்டது. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்ற அம்மாள் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார்.

“எழுதுங்க சார்” என்றார் கமாண்டர், அடுத்த திருகைத் தேடிக்கொண்டே. “மேலாளர் பேருக்கு எழுதுங்க. அட்ரஸ் வேணும்னா சட்டைப் பையில கார்டு இருக்கு, எடுத்துக்கோங்க. என் கை ரெண்டும் வேலையில இருக்கு.”