சுத்தம் என்று எழுதிய சீட்டு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். ரெவின்யூ ஆபீஸில் முப்பது வருஷமாக எப்படிக் குப்பை கொட்டுகிறேன் என்று என் மனைவி இன்னமும் கேட்பாள். அப்படிப்பட்டவன் பழைய இசைத்தட்டு சேர்க்கிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஒரு பக்கம் ஓடி முடிய இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டேதான் கேட்பேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மத்தியானம், நாலு பேர் கூடுவோம். ஒருவர் கோர்ட்டில் வேலை பார்க்கிறவர். பழைய சினிமாப் பாட்டுகளைச் சின்னத் தட்டுகளாக வாங்கிக் குவிக்கிறவர். இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர். கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் ஆரம்பித்து இப்போது பியானோவில் வந்து நிற்கிறார். மூன்றாவது ஆள் சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருப்பவன். எனக்கு உறவு கிடையாது. வந்த முதல் நாளே மாமா என்று கூப்பிட்டான், நானும் மச்சான் என்றேன், அப்படியே நிலைத்துவிட்டது. நாலாவது ஆள் நான்.

அந்த மாதம் வாங்கியதை அவரவர் கொண்டுவர வேண்டும். வாங்கியவர் அதற்கு முன்னால் வீட்டில் போட்டுக் கேட்டிருக்கக் கூடாது. முதல் தடவை நாலு பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். தட்டு ஓடும்போது ஃபேனை நிறுத்திவிடுவோம். அக்னி நட்சத்திரத்திலும் நிறுத்துவோம். பக்கம் முடிந்து, ஃபேன் சுற்ற ஆரம்பித்து, டீ வந்த பிறகுதான் பேச்சு.

இந்த விதிக்கு நான் மட்டும் விலக்கு. பழைய தட்டை நம்பி வாங்க முடியாது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஊசியை வைத்தால் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். சிதம்பரத்தில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தட்டை மூன்று நாள் கொடுத்தனுப்புவார். அது நேராக என்னிடம் வரும். நான் ஹெட்போனில் கேட்டுவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கவருக்குள் வைப்பேன். சுத்தம், பரவாயில்லை, வேண்டாம், இதில் ஏதாவது ஒன்று. அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கோர்ட்டுக்காரர் எனக்குப் பாம்புச் செவி என்பார். அதைக் கேட்டு நான் எவ்வளவு பூரித்துப் போயிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன கோடையில் உரக்கடைக்காரன் ஒரு வீணைத் தட்டு வாங்கினான். சுத்தம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொண்டே கவரைப் பிரித்தான். ஃபேனை நிறுத்தினோம். ஆலாபனை ஆரம்பித்த அரை நிமிஷத்தில் டீச்சர் தலை நிமிர்ந்தார். கோர்ட்டுக்காரர் கவருக்குள்ளிருந்து என் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். உரக்கடைக்காரன் என்னைப் பார்த்தான், நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு வீணை மட்டும்தான் கேட்டது. ஆனால் மூன்று பேர் முகமும் ஒரே மாதிரி சுருங்கினால், எதற்கென்று எனக்குத் தெரியாதா. விறுவிறுவென்று போய் ஊசியைத் தூக்கிவிட்டேன். பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்குவது எங்கள் அறையில் நடந்ததே இல்லை. ஊசி தேய்ந்துவிட்டது, அதனால்தான் பொரிகிறது, யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று சத்தம் போட்டேன். டீச்சர் தூசியாக இருக்கும் என்றார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு டீ குடிக்காமலேயே கலைந்தார்கள்.

புது ஊசி வரவழைத்து மாட்டினேன். உரக்கடைக்காரன் விட்டுப்போன தட்டை இரண்டு தடவை கழுவித் துடைத்தேன். போட்டுக் கேட்டால் வீணை மட்டும் கேட்டது. சரியாகிவிட்டது என்று நம்பலாமா, நம்பக்கூடாதா என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாம். கீழே இரண்டு தடவை இறங்கிப் போய், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மேலே வந்தேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸிலும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஃபைலை எடுப்பேன், வைப்பேன், எழுந்து போய் வராந்தாவில் நிற்பேன்.

சனிக்கிழமை பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் போர்வையில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அளந்துதான் பேசுவார். எல்லாவற்றையும் மாட்டி, வீணைத் தட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் கேட்டார்.

“மிஷின்ல ஒண்ணும் இல்ல சார். தட்டுலதான் பொரியுது. கேக்குதுங்களா?”

கேட்கிறது என்றேன். இவ்வளவு லேசாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழைத் திருகினார். “இப்ப?”

“இப்பவும் கேக்குது.”

அதற்குப் பிறகுதான் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். மேல் சுருதிச் சத்தங்களைக் குறைக்கிற குமிழ் அது. அடிவரைக்கும் திருகி வைத்திருந்தார். அந்த நிலையில் எந்தத் தட்டும் பொரியாது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். தட்டை எடுத்துக் கவருக்குள் போட்டார், பிளேயரைப் போர்வையில் சுற்றினார், ஒயர்களைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

திரும்பி வரும்போது, புதுச்சத்திரம் தாண்டின பிறகு எனக்குக் கொசு ஞாபகம் வந்தது. இந்த வருஷம் நம்ம ஊரில் கொசு குறைந்துவிட்டது என்று போன மாதம் மனைவியிடம் சொல்லியிருந்தேன். கடலூரில் கொசு குறைந்தது என்று யாராவது சொல்வார்களா. அவள் அப்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் அதைக் கேட்டேன். “தினம் கொசு பேட்ட வச்சிக்கிட்டு நான்தான அடிச்சிக்கிட்டு கெடக்கறேன்” என்றாள். கொசுவின் ரீங்காரம் என் காதில் விழாமல் போனது எப்போதிலிருந்து என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னாலிருந்தே என்றாள்.

பொங்கலுக்கு முன்னாலிருந்து நான் எழுதிக் கொடுத்த சீட்டுகளை நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ தட்டுகள், எல்லாமே சுத்தம். அத்தனையும் எங்கள் மாடியில் ஃபேனை நிறுத்திவிட்டு ஓடியிருக்கின்றன. மூன்று பேரும் வியர்வை வழிய உட்கார்ந்து பொரிகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள், டீ குடித்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீணைத் தட்டில்தான் முகத்தை மறைக்க முடியாமல் போயிருக்கிறது. எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம்தான். என்னை ஏதோ நோயாளி மாதிரி நடத்தியிருக்கிறார்களே என்ற கோபம். காதே இல்லாதவனுக்கு அந்த அறையில் என்ன வேலை என்ற பயம் அதற்கு அடியில் இருந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று போனில் மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன்.

வந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாகவே படியேறினார்கள். உரக்கடைக்காரன் உட்காருவதற்கு முன்னாலேயே பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினான். இன்னும் வாங்கவில்லை, சிதம்பரத்துக் கடையிலிருந்து மூன்று நாளைக்கு எடுத்து வந்தது. கேட்டுச் சொல்லுங்கள் என்றான்.

“எனக்குக் கேக்கல மச்சான்” என்றேன். நடந்துகொண்டே சொன்னேன், ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். “வீணதான் கேக்குது. பொரியறது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல.”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சிக்கிட்டேவா இத்தன தட்டு வாங்குனீங்க?”

டீச்சர்தான் வாயைத் திறந்தார். அவர் சொல்லட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று அவரும் விட்டதில் மாதங்கள் ஓடிவிட்டன என்றார். சொல்லிவிட்டால் நான் கூட்டத்தையே நிறுத்திவிடுவேன் என்று மூன்று பேருக்கும் பயம் இருந்ததாம். அப்படித்தான் செய்திருப்பேன்.

உரக்கடைக்காரன் தானே போய்த் தட்டைப் போட்டான். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே ஓடட்டும் என்றான். டீச்சர் ஃபேனை நிறுத்தினார். அவன் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான், பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து, ஒரு விரலை என் முழங்கால்மேல் வைத்தான்.

“பொரியறப்பல்லாம் தட்டுறேன். நீங்க பாட்டக் கேளுங்க.”

ஒரு பெண் குரல், விருத்தம். தாளமே கிடையாது, அதனால் அவன் விரல் தட்டினால் அது பொரிகிற சத்தம்தான், வேறெதுவும் இல்லை. முதல் வரியில் என் முழங்காலில் இரண்டு தட்டு. பிறகு ஐந்தாறு தட்டு, படபடவென்று. அந்தம்மாள் மேலே போன இடத்தில் கொஞ்சம் ஓய்ந்து, இறங்கிய இடத்தில் திரும்பவும் ஆரம்பித்தது. பாதிக்கு மேல் அவன் விரல் நின்றுவிட்டது. தட்டு சுத்தமாகிவிட்டதோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே டீச்சர் முகம் சுருங்கியிருந்தது, பொரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இவன் பாட்டில் மறந்துபோயிருந்தான்.

ஊசி நடுவுக்கு வந்து நின்றது. ஃபேன் சுற்றியது. ஒரு பக்கம் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுத்தமா, இல்லையா என்று அவன் கேட்டான். பென்சிலை எடுத்தேன். அந்த மூன்று வார்த்தைகளில் எதுவும் பொருந்தவில்லை. பொரிகிறது, வாங்கு என்று எழுதிக் கவருக்குள் வைத்தேன்.