கத்திரியக்கா கழுவிய இன்ஜின்

கார் ஷெட்டிலிருந்து ஹேர் டிரையர் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முன்னறையில், தலையில் துண்டைச் சுற்றியபடி உட்கார்ந்திருந்த டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, ஈரத் தலை இங்க இருக்கு! அங்க யாருக்குக் காய வச்சிட்டிருக்கீங்க?”

“இன்ஜினுக்கு! அது அவசரக் கேஸ் டீச்சர், கொஞ்சம் பொறுத்துக்கோங்க!”

வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கு முடி வெட்டிச் சாயமிடும் கத்திரியக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. எவ்வளவு முரட்டு முடியும் அவள் கை பட்டால் அடங்கிவிடும். அன்று அடங்க மறுத்தது அவளுடைய பழைய கார்தான்.

லாரி டிரைவரான கணவருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து, அவரை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அந்தக் காரில்தான் அவள் அழைத்துப் போய் வந்தாள். போன வாரம் நடுரோட்டில் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. செய்தி கணவரின் அண்ணன் காதுக்கு எட்டியது. வெளியூரிலிருந்து போன் செய்தார்.

“இன்ஜின் செத்துப்போச்சும்மா. தம்பி உள்ள இருக்கும்போது தீப்பிடிச்சா என்ன பண்ணுவ? நான் வந்து அவனைக் கூட்டிட்டுப் போறேன். இனிமே அவன் என் வீட்லயே இருக்கட்டும்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருகிறவள் அல்ல அவள்.

“இன்ஜின் முழுக்க எண்ணெயும் அழுக்குமா அப்பிக் கிடக்கு. எங்க ஒழுகுதுன்னு எவனுக்குத் தெரியும்? கழுவிட்டு ஓட விட்டா, புது எண்ணெய் எங்கிருந்து வருதுன்னு தானா தெரிஞ்சிடும். நான் கழுவுறேன்” என்றாள் போனில்.

தம்பியைக் கூட்டிப்போக அண்ணன் வரும் நாள் அன்றுதான். காலையில் எழுந்ததும் கணவரை ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். பேட்டரி வயரைக் கழற்றினாள். சாயம் போட்ட தலைகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் தொப்பிகளை எடுத்து, தண்ணீர் படக்கூடாத ஆல்டர்னேட்டருக்கும் பியூஸ் பெட்டிக்கும் மாட்டிவிட்டாள். பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, சாயம் பூசும் பிரஷ்ஷால் போல்ட் இடுக்கெல்லாம் தேய்த்தாள். கறுப்புக் குழம்பு வழிந்து ஓடியது.

“போதும்… நிறைய ஊத்தாத” என்றார் கணவர், வார்த்தைகளைக் கூட்டி.

கை கேட்டால்தானே? தலையிலிருந்து வழியும் தண்ணீர் தெளியும்வரை அலசிப் பழகிய கை அது. இன்ஜினையும் அப்படியே அலசித் தள்ளியது. தலைக்குச் சரி, இன்ஜினுக்கு ஆகுமா? ஸ்பார்க் பிளக் குழிகளில் தண்ணீர் தேங்கியதால், தொப்பிகளைக் கழற்றி, பேட்டரி வயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பியும் கார் முனகிவிட்டு அடங்கியது. அதற்குத்தான் இந்த டிரையர் வைத்தியம்.

டீச்சரும் துண்டோடு ஷெட்டுக்கே வந்து டார்ச் பிடித்தாள். அவள் தலை தானாகவே காய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஷெட் வாசலில் அண்ணன் வந்து நின்றார்.

“என்னம்மா, இன்ஜினுக்கு ஃபேஷியலா?”

“ஆமா மாமா. முகம் தெளிஞ்சாத்தானே நோய் தெரியும்? இப்படி வந்து நின்னு பாருங்க.”

கடைசிப் பிளக் வயரை அழுத்தி மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். கார் இருமியது. அடங்கியது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திருப்பினாள். உறுமிக்கொண்டு கிளம்பியது!

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெயிலில் பளபளத்த இன்ஜினில் சற்று நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு, மேல்மூடியின் பின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி முளைத்தது. மெல்ல இறங்கிச் சூடான புகைக் குழாயில் விழுந்தது. நூலிழைபோல் புகை எழுந்தது.

“இவ்வளவுதான் மாமா! மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர் பேக்கிங் இத்துப்போச்சு. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு.”

அண்ணன் விரலால் தொட்டுப் பார்த்தார். மூடியின் மற்ற ஓரங்களையும் அடியையும் டார்ச் அடித்துத் துருவினார். வேறெங்கும் ஈரமில்லை. அவள் இன்ஜினை நிறுத்தியதும் அவர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“தனி ரூம் ஒழிச்சு, புது மெத்தை வாங்கிப் போட்டு வச்சிருக்கேன்டா தம்பி…”

“அண்ணே… அந்த மெத்தையில நீ படு” என்றார் தம்பி, திக்கித் திக்கி. “எனக்கு… இவ கூட இருக்கணும்.”

அண்ணன் சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“பேக்கிங் மாத்தாம வண்டிய நீ எடுத்தேன்னு கேள்விப்பட்டா, நேரா வந்து சாவியப் பிடுங்கிடுவேன், தெரியுமில்ல?”

“மாத்திட்டு, இதே கார்ல இவரை உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேனா இல்லையான்னு பாருங்க!”

டீச்சர் தலை வாரிக்கொண்டு போன பிறகும், முன்னறையில் உட்கார்ந்து பழங்கதை பேசிவிட்டுத்தான் அண்ணன் கிளம்பினார். வழியனுப்பக் கணவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். தாங்கிப் பிடிக்கப் போன கையை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அண்ணனின் வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அவர் வாசலில் நின்றார். பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இடக்கையால் தானே கதவைச் சாத்தித் தாழ்போட்டார்.