பாதி டிக்கெட் வண்டியும் அமெரிக்க ரயிலும்

"…பாதி டிக்கெட்டுல இட்டுக்கினு போறான், கூடைக்கும் துட்டு வாங்கல. அத்த உட்டுட்டு உன் பஸ்ல ஏற எனக்கு இன்னா பைத்தியமா நைனா?" என்றாள் மாகறலில் காய் விற்கும் அக்கா. அவளுடைய கத்தரிக்காய்க் கூடை ஏற்கெனவே பக்கத்து வண்டியின் மேல் ஏறியிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போக எங்கள் மாமாவிடம் ஒரே ஒரு பஸ். அவர் டிரைவர், நான் கண்டக்டர். பல பஸ் வைத்திருந்த முதலாளி ஒருவர் அதை விலைக்குக் கேட்டார், மாமா தரவில்லை. அந்தக் கோபத்தில் எங்களுக்கு முன்னாலேயே பாதிக் கட்டணத்தில் ஒரு வண்டியை ஓட விட்டார். இப்படியே போனால் மாமா பஸ்ஸை விற்க வேண்டியதுதான்.

நூலகத்தில் படித்ததை அவளிடம் சொன்னேன்.

"யக்கா, அமெரிக்காவுல பெரிய ரயில் முதலாளிங்க இதத்தான் பண்ணாங்க. சின்னக் கம்பெனிக்காரன் தாங்க முடியாம விக்கிற வரைக்கும் கட்டணத்தக் கொறச்சாங்க."

"வித்தப்புறம்?"

"வேற ரயில் ஏது? கேட்டதக் குடுக்கணும்."

"வெள்ளக்காரனுக்கும் நம்மூரு புத்திதானா? அப்போ உன் பஸ்ஸு நின்னா, என் கூடைக்கு அவன் வெச்சதுதான் ரேட்டு" என்று சிரித்தாள்.

எங்கள் ஊர் மக்களைப் பற்றி எனக்குள்ள பெருமையில் பாதி அவளால் வந்தது. அந்த வண்டிக் கண்டக்டர் கத்தக் கத்த, ஏணியில் ஏறிக் கூடையைத் தானே இறக்கினாள். எங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, முழு டிக்கெட்டுக்கு என்னிடம் சில்லறையை நீட்டினாள்.