மனசு உங்களுக்குத்தான், அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போடப் போனேன். ஜெர்மனியின் பான் நகரில் எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி, தேவாலயத்தை ஒட்டிய பழைய மண்டபம்தான். உள்ளே நுழைந்ததும் தரைமெழுகு வாசனை, பால் விடாத காபி வாசனை. என் மூக்கு அதையும் தாண்டி, கடுகும் கறிவேப்பிலையும் பொரிகிற வாசனையைத் தேடியது. எனக்குக் குடியுரிமை கொடுத்தவர்கள் என் மூக்கை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு காலத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடிச் சாப்பிட்டது இங்கேதான். ஆராய்ச்சி மாணவனாக வந்த புதிதில், மாதம் முழுக்க ரொட்டியைத் தின்றுகொண்டு அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்துக்கிடப்பேன். சமையலறை வசந்தி அக்காவின் ராஜ்யம். யாழ்ப்பாணத்துக்காரர், மருந்துக்கடையில் வேலை. வாசலில் யார் தலை தெரிந்தாலும் "சாப்பிட்டாச்சோ?" என்பார். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் கையில் தட்டு வந்துவிடும்.

சங்கத்துக்குத் தலைவர் பதவி என்று ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் அதை யாரும் சீந்தவில்லை. கூட்டத்துக்கு வராதவரைப் பார்த்துத் தலைவராக்கிவிடுவோம். பிறகு மென்பொருள் வேலையில் இருந்த செல்வத்துக்கும் முரளிக்கும் ஒரு தகராறு வந்தது. பொங்கலைப் பொங்கலன்றுதான் வைக்க வேண்டும் என்றார் செல்வம். அன்றைக்கு லீவு யார் தருவார்கள், அடுத்த சனிக்கிழமை வைப்போம் என்றார் முரளி. நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் விஷயம் அவ்வளவுதான். அதுவரை ஒரே காரில் வேலைக்குப் போனவர்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு அணி, இரண்டு வாட்ஸப் குழு, தலைவர் பதவிக்கு இருவரும் போட்டி. சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால் அது எந்த அணியின் முருங்கைக்காய் என்று பார்க்கிற நிலைமை. இதில் வேடிக்கை, தேர்தல் நெருங்க நெருங்க இருவரும் ஒன்றையே பேசினார்கள். எந்தப் பக்கமும் சாயாத சில குடும்பங்களை வளைப்பதற்காக, பொங்கலன்று ஒரு பானை, சனிக்கிழமை ஒரு விருந்து என்று இருவருமே வாக்குக் கொடுத்தார்கள். சண்டைக்கான காரணம் தீர்ந்துவிட்டது. அணிகள் மட்டும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் வசந்தி அக்கா தானும் நிற்கப்போவதாகச் சொன்னார்.

"இவையில ஆர் வெண்டாலும் மற்றவர் பிரிஞ்சு போவார். நான் வந்தால் எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவினம். சமைக்கிறவளுக்குச் சங்கம் நடத்த ஏலாதோ?"

அவரைப் பிடிக்காதவர் இரண்டு அணியிலும் ஒருவர்கூடக் கிடையாது. பாத்திரம் கழுவும் சாக்கில் ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போனார்கள். "அக்கா, மனசு உங்களுக்குத்தான். ஆனா உங்களுக்குப் போட்டா முரளி உள்ள வந்துருவான்" என்பார் ஒருவர். அடுத்து வருகிறவர் முரளி இருந்த இடத்தில் செல்வத்தை வைத்து அதையே சொல்வார். நானும் சொன்னேன், அவர் கொடுத்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டே. அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"மனசை எண்ண ஏலாது, தம்பி. சீட்டைத்தான் எண்ணுவினம்."

எண்ணினார்கள். செல்வம் நூலிழையில் ஜெயித்தார். அக்காவுக்கு விழுந்ததை எண்ண ஒரு கை போதுமாக இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பிடித்த ஒருவரைத் தோற்கடிப்பதில் மட்டும் அந்த மண்டபம் ஒற்றுமையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. அன்றும் அக்காதான் பரிமாறினார். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தார். "இந்தாங்கோ திறப்பு" என்று சமையலறைச் சாவியைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே முரளி வேறு சங்கம் தொடங்கினார். இரண்டு பொங்கல் நடந்தது, இரண்டிலும் பாதிக் கூட்டம். சமைக்க ஆளில்லாமல் கேட்டரிங் சொன்னார்கள். கொஞ்ச நாளில் கேட்டரிங் சாப்பாட்டைச் சாப்பிடவும் ஆளில்லை. செல்வமும் முரளியும் வேலை மாறி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு இரண்டு சங்கமும் இல்லை.

இந்த ஊர் வாக்குச்சீட்டு பந்தி இலை மாதிரி நீளம், கட்சிகளுக்குப் பஞ்சமே கிடையாது. இருந்தும் தடுப்புக்குள் நின்றபோது எனக்குள் ஓடியது அதே பழைய கணக்குதான். இவருக்குப் போட்டால் வீணாகிவிடுமே, அவர் வந்துவிடுவாரே.

போட்டுவிட்டுத் திரும்பினால், வாசலருகே வரிசையில் வசந்தி அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன தம்பி, இந்த முறையெண்டாலும் மனசுக்குப் போட்டனீங்களோ?"

நான் சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். அவர் பார்வை சமையலறைப் பக்கம் போனது. பரிமாறும் ஜன்னல் அடைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், "சாப்பிட்டாச்சோ?" என்றார்.

"இல்லக்கா" என்றேன்.

வரிசை நகர்ந்தது. அவர் மேசைப் பக்கம் போனார், நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த மண்டபத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு என் கையில் ஒரு தட்டு வராதது அதுதான் முதல் தடவை.