பெயர் கொடுக்காத சனிக்கிழமை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க நினைப்பவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை போதகரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். நோட்டில் எழுதுமுன், "யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்பார். "இல்லீங்கய்யா" என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் நாக்குக் கூசவில்லை.

எண்பதுகளின் நடுவில் புதுப் போதகர் வந்தார். என்னைவிடச் சின்னவர். அவரும் அதையே கேட்டார்.

"இல்லீங்கய்யா. சபையில யாரோடயும் இல்ல."

"சபையிலன்னு நான் கேக்கலியே டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, இவரிடம் யார் வத்தி வைத்தது? யாரும் வைக்கவில்லை. என் வாய்தான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தது. "ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று நோட்டை மூடினார்.

சபைக்கு வெளியே ஒருத்தி இருந்தாள், என் சிநேகிதி. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சி விடுதியில் என் பக்கத்துப் பாய். பிறகு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை, ஒரே டிபன் பாக்ஸ். சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபித்தால், "சுருக்கமா சொல்லுடி, சோறு ஆறுது" என்பாள். அவளுக்குக் கல்யாணமாகி அடி அண்ணாமலைக்குப் போன பிறகும் இதெல்லாம் மாறவில்லை.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது மாறியது. அவள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இயேசுவை ஏத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றேன். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. அந்த அம்மா மிரண்டுபோய் வாசலையே பார்த்தார். வாசலில் கஞ்சியோடு மகள் நின்றிருந்தாள்.

"வெளிய போ" என்றாள். மறுநாள் அம்மா போய்விட்டார். நான் சாவுக்கும் போகவில்லை. அடுத்த மாதமே அவள் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். ஜெபம் செய்தது குற்றமா என்று எனக்குத்தான் வீராப்பு. அவள் சபைக்காரி இல்லை, அதனால் போதகரின் கேள்வியில் அவள் சேர்த்தி இல்லை என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

போதகர் நோட்டை மூடிய அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. அவளைப் பார்க்க அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். பஸ் ரமணாசிரமம் தாண்டி நகரவில்லை. இறங்கி, கிரிவலம் போகிறவர்களோடு வேர்க்க விறுவிறுக்க நடந்தேன். என்ன சொல்வது என்று யோசித்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததே ஜாஸ்தி.

அவள் வீட்டு வாசலில் நடந்து வருகிறவர்களுக்கு மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள். ஒரு காலத்தில் 'டி' போட்டுப் பேசியவள்.

"அம்மாகிட்ட நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடு."

கரண்டி நிற்கவில்லை. "ஆறு வருஷம் கழிச்சு இன்னைக்கு என்ன?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. திருவிருந்து, போதகரின் கேள்வி, ஆறு மணி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே கை தன்னால் திரும்பி மணி பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எங்கம்மா வேணும் உங்களுக்கு. இன்னைக்கு நான் வேணும். அப்பத்தான் ரொட்டி குடுப்பாங்க, இல்லீங்களா?"

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் சொன்னது நிஜம். காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். காணிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டல்லவா போயிருக்கிறேன்!

எச்சில் டம்ளர்கள் அண்டாவில் குவிந்து கிடந்தன. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தேன். அவள் பாட்டுக்கு மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணி எப்போது அடித்ததோ தெரியாது.

மறுநாள் எல்லோரும் எழுந்து முன்னால் போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என்ன பாவம் செய்தாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது.

அடுத்த பௌர்ணமிக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும். கர்த்தர் சீடர்களின் கால் கழுவியதை நினைத்து முதலில் என்னையே மெச்சிக்கொண்டேன். சாம்பலில் விரல் வெடித்து எரிந்ததும் அந்தப் பெருமை போயிற்று. டம்ளர் கழுவ ஆள் தேவை, நான் கழுவினேன், அவ்வளவுதான். அவளிடம் எதையும் எதிர்பார்க்காமல் பக்கத்தில் இருக்க அங்கேதான் கற்றேன். திருவிருந்துக்கு மட்டும் பெயர் கொடுக்கவில்லை.

ஐந்தாவது பௌர்ணமியில் ஒரு டம்ளர் மோரை என் முன்னால் நீட்டினாள். எனக்கென்று அவள் மொண்ட முதல் டம்ளர். ஈரக் கையோடு வாங்கினேன்.

"பேரு குடுத்துட்டீங்களா டீச்சர்?"

"இல்ல."

"இந்த மாசம் குடுங்க." அடுத்தவருக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அவர் கேட்டா பகை இல்லைன்னு சொல்லுங்க. இந்த வாட்டி அது பொய் இல்ல."